மீனுக்கு எந்தக் கத்தி, மரக்கறிக்கு எந்தக் கத்தி?

கல்லடிப் புதுக்குசினி:
கலியாணமாகி மூன்று மாதம், இப்போதுதான் தனியாகச் சமைக்கத் தொடங்கியிருக்கிறேன். பரிசாக வந்த ஆறு கத்திச் செட் ஒன்று மரக்கட்டையில் குத்தி நிற்கிறது, பார்க்க வடிவு, ஆனால் நான் எடுப்பது அதில் ஆகச் சின்னக் கத்தியைத்தான். வெங்காயம், கோழி, பாண், மீன் எல்லாம் அதாலேயே. நேற்று பாரை மீன் தலையைப் பிளக்கப் போய்க் கத்தி வழுக்கி, பெருவிரலில் நல்ல வெட்டு. அம்மா போனில் ஏசுகிறா, அருவாமணை இல்லாத வீடும் ஒரு வீடா என்று. குந்தியிருந்து வெட்ட முழங்கால் விடாது, என்ன செய்ய? ஆறும் தேவையா, எது எதற்கு?

வாவிக்கரையான்:
தங்கச்சி, அம்மா சொல்வதில் பிழையில்லை. அருவாமணையில் அலகு அசையாது, மீனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து அலகில் கொடுக்கிறோம், அதனால்தான் வழுக்குவது குறைவு. முழங்கால் விடாதென்றால் சரி, விடுங்கள், ஆனால் பாரைத் தலைக்குச் சின்னக் கத்தி வேண்டவே வேண்டாம். கொல்லர் பட்டறையில் லொறி வில்லுத் தகட்டில் அடித்த பாரமான கத்தி ஒன்று வாங்குங்கள். தலையை நிமிர்த்தி வைத்து, அலகை நடுவில் பதித்து, கத்தியின் முதுகில் மரக்கட்டையால் இரண்டு தட்டு. ஓங்கி வெட்டத் தேவையில்லை. செதில் சுரண்டக் கூர்ப்பக்கத்தைப் பாவிக்காமல் முதுகைப் பாவியுங்கள், பூ (செவுள்) எடுக்க மட்டும் அந்தச் சின்னக் கத்தி. ஒன்று, பட்டறைக் கத்தியைக் கழுவின கையோடு துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும், கல்லடிக் கடல் காற்றுக்கு ஒரு இரவில் கறள் பிடித்துவிடும்.

காத்தான்குடி ராத்தா:
அந்தப் பட்டறைக் கத்தியால் வாழைக்காய், கத்தரிக்காய் வெட்டிவிடாதீங்க தங்கச்சி, இரும்பு பட்டுக் கறுத்துப்போகும். மரக்கறிக்கு உங்கட செட்டில் இருக்கிற அகலமான எட்டு அங்குலக் கத்திதான். பெரிசு என்று பயந்து எல்லாரும் அதை விட்டுட்டுச் சின்னதைப் பிடிக்கிறாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். நுனியைப் பலகையில் ஊன்றிக்கொண்டு பிடியை மட்டும் மேலே கீழே ஆட்டுங்க, வல்லாரைச் சம்பலுக்கு இலையைச் சுருட்டி வைத்து அரிந்தால் நூல் மாதிரி விழும். இறைச்சியை நாருக்குக் குறுக்கே வெட்டணும், நார்ப்போக்கில் வெட்டினால் எவ்வளவு அவிச்சாலும் சவ்வு மாதிரித்தான். அரை மணித்தியாலம் பிரீசரில் வைத்து எடுத்தால் மெல்லிசாக வெட்ட வரும். பல்லுக் கத்தி பாணுக்கு, பழுத்த தக்காளிக்கும் நல்லம்.

கல்முனைக் கடைக்காரன்:
எல்லாரும் கத்தியைப் பற்றியே கதைக்கிறீங்கள், அந்தப் பிள்ளையின் கத்தி மொட்டையா என்று ஒருவரும் கேட்கவில்லை. மொட்டைக் கத்திதான் கையை வெட்டும், கூடப் பலம் கொடுத்து அமத்துவோம், அது வழுக்கும். பலகை கண்ணாடியா? கண்ணாடிப் பலகை என்றால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள், எவ்வளவு நல்ல அலகும் சில நாளில் மழுங்கும். மரம் அல்லது பிளாஸ்டிக், அடியில் ஈரத் துணி ஒன்று விரித்தால் நகராது.

செட்டோடு வந்த நீளக் கம்பி தீட்டுவதற்கல்ல, மடங்கின விளிம்பை நிமிர்த்தத்தான். தீட்ட 1000 நம்பர் தண்ணீர்க் கல், அதாவது தண்ணீரில் நனைத்துத் தீட்டுகிற கல். சாய்வுக்குக் கணக்கு: கத்தியைக் கல்லின்மேல் நேராக நிறுத்தி, அதைப் பாதியாகச் சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் கிட்டத்தட்ட 22 பாகை, வீட்டுக்கு அது போதும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மற்றப் பக்கத்தில் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்படும், அப்போதுதான் திருப்ப வேண்டும். தக்காளித் தோலில் அமத்தாமல் வைத்து இழுத்துப் பாருங்கள், கடித்தால் சரி. என் கடையில் கூரே இல்லாமல் பாவிப்பது கொத்து ரொட்டித் தகடு மட்டும்தான், அதற்குக் கூர் இருந்தால் ரொட்டி போடுகிற கல்லுத்தான் பாழ்.

பூசணியை எவரும் சொல்லவில்லையா? முதலில் ஒரு பக்கம் சீவி, தட்டையாக இருத்திவிட்டு வெட்டுங்கள். உள்ளே போன கத்தியை முறுக்கி எடுக்க வேண்டாம், அலகு பல் விழும்.

வாவிக்கரையான்:
தண்ணீர்க் கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையின் அடியில் பூச்சில்லாத சொரசொர வளையம் இருக்கிறதே, அதில் நாலு இழுவை. அவசரத்துக்குப் போதும்.

கல்லடிப் புதுக்குசினி:
அண்ணா, பலகை கண்ணாடிதான்! அதுவும் பரிசாக வந்தது. கோப்பையில் இழுத்துப் பார்த்தேன், பெரிய கத்தி வெங்காயத்தில் சத்தமில்லாமல் இறங்குகிறது. ராத்தா சொன்ன நுனி ஊன்றுவது இன்னும் கைக்கு வரவில்லை. அடுத்த கிழமை பட்டறைக்குப் போகிறோம், அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லவில்லை.