ஜெர்மனியில் 'கால் ஒன்பது' என்றால் ஒன்பதேகால் இல்லை

புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வை முடித்துவிட்டோம், சமாளித்துவிடலாம் என்ற தைரியத்தில்தான் நானும் கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் டிரெஸ்டனில் வந்து இறங்கினேன். முதல் மாதமே போனில் டாக்டரிடம் நேரம் கேட்டேன். "ஃபியர்ட்டெல் நொய்ன்" என்றார்கள். ஃபியர்ட்டெல் என்றால் கால், நொய்ன் என்றால் ஒன்பது. ஒன்பதேகால் என்று குறித்துக்கொண்டேன். போய் நின்றபோது என் முறை முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவர்கள் சொன்னது எட்டேகால்.

நாம் முடிந்த மணியோடு கால் மணியைக் கூட்டுகிறோம். அவர்களோ ஓடிக்கொண்டிருக்கும் மணியில் எத்தனை பங்கு ஆயிற்று என்று பார்க்கிறார்கள். எட்டரையை 'ஹால்ப் நொய்ன்' என்று வகுப்பில் படித்திருப்பீர்கள், அதே கணக்குதான். 'டிரைஃபியர்ட்டெல் நொய்ன்' என்றால் எட்டேமுக்கால். கிழக்கு மாநிலங்களிலும், ஸ்டுட்கார்ட் பக்கமும், பவேரியாவில் பல ஊர்களிலும் இப்படித்தான் பேசுகிறார்கள். வடக்கே ஹம்பர்க் போனால் பாடப்புத்தகத்தில் உள்ள 'ஃபியர்ட்டெல் நாஹ் ஆஹ்ட்' (எட்டுக்குப் பின் கால், அதாவது எட்டேகால்) கேட்கும். எந்த ஊராக இருந்தாலும் "8 மணி 15தானே?" என்று எண்ணில் திருப்பிக் கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம், நியூரம்பெர்க் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. செய்த வேலையைப் பார்த்து மேலாளர் "பாஸ்ட் ஷோன்" என்று மட்டும் சொன்னால் மனம் வாடாதீர்கள். 'சரி, பரவாயில்லை' என்பதுபோல் ஒலித்தாலும் அந்த ஊரில் அது பெரிய பாராட்டு. ஹம்பர்க்கில் நன்றி சொன்னால் "டா நிஷ் ஃப்யூர்" என்பார்கள். நம் ஊரில் 'இதுக்குப் போய் நன்றியா' என்போமே, அதுதான்.

இவை எல்லாம் மாறிக்கொண்டும் இருக்கின்றன. விடைபெறும்போது சொல்லும் 'ச்சூஸ்' ஒரு காலத்தில் வடக்கத்திச் சொல். இன்று தெற்கே மியூனிக் கடைகளிலும் சாதாரணமாகக் கேட்கிறது. தெற்கே பெரியவர்களிடம் மட்டும் 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

எந்த ஊரில் எந்தச் சொல் என்று வரைபடமாகவே பார்க்கலாம். சால்ஸ்பர்க், லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 முதல் மக்களிடமே கேட்டுத் தொகுத்துவரும் அன்றாட ஜெர்மன் மொழி அட்லஸ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேறு ஊருக்கு வீடு மாற்றுகிறீர்கள் என்றால், முதலில் அந்த ஊர்ப் பக்கம் எட்டேகாலுக்கு என்ன சொல்கிறார்கள் என்று அதில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.