விமான நிலையத்துக்கு அருகே காத்திருப்பு நிறுத்துமிடம்: எத்தனை கார்கள், எத்தகைய தரை?

கேள்வி: பந்திங் வரைவாளர்

அனைவருக்கும் வணக்கம். சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தில் சிறு கட்டுமானப் பணிகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றி இன்னும் செம்பனைத் தோட்டங்கள்தாம். சிப்பாங்கில் 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விமான நிலையத்தில் உறவினரை ஏற்றிவர இங்கிருந்து போகிறவர்கள், முனையத்தின் வாசலில் நிற்க இடமில்லாததால், வழியில் சாலையோரத்தில் ஒதுங்கி நிற்கிறார்கள். சென்ற மாதம் ஓர் இரவில், கொட்டும் மழையில் அப்படி நின்ற வேன் ஒன்றை உரசுவதுபோல் லோரி விலகிச் சென்றதைப் பார்த்தேன். வேனுக்குள் ஒரு பாட்டியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று முதல் இந்தச் சிந்தனை என்னை விடவில்லை.

இப்போது நில உரிமையாளர் ஒருவர், செம்பனை வெட்டிய ஓர் ஏக்கர் நிலத்தில் காத்திருப்பு நிறுத்துமிடம் அமைக்க வரைபடம் கேட்டிருக்கிறார். ஓட்டுநர் காரை விட்டுப் போகக் கூடாது. பயணி பெட்டியோடு வெளியே வந்து அழைத்ததும் புறப்பட்டுவிட வேண்டும். 150 கார்கள் நிற்க வேண்டும் என்கிறார் அவர். இது பொருந்துமா? தரையை எப்படி அமைப்பது?

பதில்: போக்குவரத்துப் பொறியாளர், ஷா ஆலாம்

தம்பி, நிலத்தின் அளவிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள். காத்திருக்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு மணி நேரத்தில் வரும் கார்களின் எண்ணிக்கையை, ஒரு கார் சராசரியாக நிற்கும் நேரத்தால் பெருக்கினால், ஒரே சமயத்தில் எத்தனை கார்கள் நிற்கும் என்பது கிடைத்துவிடும். மணிக்கு 120 கார்கள் வந்து, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் நிற்பதாக வைத்துக்கொண்டால் 60 இடங்கள் வேண்டும். விமானங்கள் கொத்தாக வந்திறங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 72 என்று வைக்கலாம். அதே கார்கள் 45 நிமிடம் நின்றால் 90 இடங்கள் தேவைப்படும். ஆகவே விமானம் தரையிறங்கிய நேரத்தைக் காட்டும் பலகை ஒன்றை நுழைவாயிலில் வைத்து, குடிநுழைவுச் சோதனையும் பெட்டி எடுப்பதும் முடிய எவ்வளவு நேரமாகும் என்பதையும் எழுதிவைத்தால், மக்கள் வீட்டிலிருந்தே தாமதித்துப் புறப்படப் பழகுவார்கள். அதனால் மிச்சமாகும் இடம் கொஞ்சமல்ல.

ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட, ஒரு கார் நிற்கும் கட்டத்துக்கு, கார்கள் வந்துபோகும் பாதையின் பங்கையும் சேர்த்தால் 27 முதல் 30 சதுர மீட்டர் செலவாகும். 150 கார்கள் என்றால் வடிகாலுக்கும் கழிப்பறைக்கும் ஓர் அடி நிலம்கூட மிஞ்சாது.

பதில்: ஓய்வு பெற்ற தரைப்பணி மேற்பார்வையாளர்

கணக்கு சரி. ஆனால் மண்ணைப் பார்க்காமல் கோடு போட வேண்டாம். செம்பனையை வெட்டிச் சாய்த்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். அடிக்கட்டை பானைபோல் பருத்து மண்ணுக்குள் இருக்கும். அதிலிருந்து விரல் தடிமனுள்ள வேர்கள் ஆயிரக்கணக்கில் பின்னிக்கிடக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு முற்றத்தில், குத்தகை எடுத்தவர் கட்டைகளின் மேலேயே மண்ணைக் கொட்டி உருளை ஓட்டிவிட்டார். மூன்றாம் ஆண்டில் தார் மேற்பரப்பு வட்ட வட்டமாக உள்வாங்கியது. நான் நடந்து அளந்தபோது ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையே ஒன்பது மீட்டர். மரங்கள் நின்ற இடைவெளி அப்படியே தரையில் தெரிந்தது. கட்டைகளைத் தோண்டி எடுத்து, குழியை நல்ல மண்ணால் படிப்படியாக நிரப்பி இறுக்க வேண்டும்.

உங்கள் பந்திங் இருக்கும் கோலலங்காட் பக்கம் காம்புட் எனப்படும் கரிய சதுப்பு மண்ணும் உண்டு. நீர் வடிந்தால் அது பல ஆண்டுகளுக்கு அமிழ்ந்துகொண்டே போகும். முதலில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சோதனைக் குழி தோண்டுங்கள். மண் இளக்கமாக இருந்தால், மண்ணையும் கல்லையும் கலக்கவிடாத துணிவிரிப்பு போட்டு, அதன்மேல் உடைகல் பரப்பி, பிரிமிக்ஸ் எனப்படும் தார்க்கலவைக்குப் பதில், ஒன்றோடொன்று கோத்து நிற்கும் பூட்டுக்கல் பதிப்பது நல்லது. அமிழ்ந்த இடத்தில் கல்லைப் பெயர்த்துச் சமன்செய்து மீண்டும் பதிக்கலாம்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. நீர்ப்பாசன வடிகால் துறையின் மஸ்மா எனப்படும் மழைநீர் மேலாண்மைக் கையேட்டின்படி, மழைநீரைத் தடுத்துவைத்து மெதுவாக வெளியேற்ற வேண்டியிருக்கும். ஆனால் விமானம் பறக்கும் பகுதியில் நிரந்தரக் குளம் கூடாது. கொக்கும் நாரையும் வந்து இறங்கும். மழை ஓய்ந்து 48 மணி நேரத்துக்குள் வடிந்து காய்ந்துவிட வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல், இங்கும் பின்பற்றத்தக்கது. நிழலுக்கு ஆல், அத்தி, நாவல் நட வேண்டாம். பழம் தேடிப் பறவைகள் கூடும். விளக்குகளின் ஒளி தரையை நோக்கி மட்டும் விழட்டும். கம்பத்தின் உயரத்தை விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடம் முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பதில்: வாடகைக் கார் ஓட்டும் அக்கா

இரவு வேலையில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன். அழைப்பு வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் காரைப் பின்னால் எடுப்பார்கள். மழை இருட்டில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அது ஆபத்து. உள்ளே நுழைந்த திசையிலேயே முன்னோக்கி வெளியேறும்படி கட்டங்களைச் சாய்வாக அமையுங்கள். எங்கள் மக்கள் ஒருவரை அழைத்துவர ஆறு பேராகப் போவார்கள். வேன்களுக்கு 3 மீட்டர் அகலமுள்ள கட்டங்கள் சில வேண்டும். பெண்கள் கழிப்பறையை வெளிச்சத்தில், எல்லாருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். பின்மூலையில் வைத்தால் நள்ளிரவில் எவரும் போகமாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா இருவருக்கும் அக்காவுக்கும் நன்றி. முன்னோக்கி வெளியேறும் கட்டங்களுக்குக் கூடுதல் பாதை தேவைப்படுவதால், 80 கார்களுக்கும் 6 வேன்களுக்கும் மறுபடி வரைகிறேன். கழிப்பறையை நுழைவாயில் விளக்கின் கீழ் கொண்டுவந்துவிட்டேன். உரிமையாளரிடம் பேசியதில், எண்ணிக்கையைக் குறைக்கத் தயங்கினாலும், சோதனைக் குழிகளுக்குச் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து குழிகள் தோண்டுகிறோம். மண்ணின் படங்களை இங்கேயே பதிவிடுகிறேன்.