உணர்வு மட்டமா, உணர்வெல்லையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தண்டுவடக் காயத்தைச் சோதித்தறியும் பகுதிக்கான கலைச்சொல் பட்டியலில் ‘சென்சரி லெவல்’ என்பதற்கு ‘உணர்வு மட்டம்’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். மதுரையில் இயன்முறை மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் இதை ஏற்க இயலவில்லை. ‘உணர்வு’ என்பது சுயநினைவையும் குறிப்பதால், ‘உணர்வு மட்டம் கீழே இருக்கிறது’ என்று எழுதினால், நோயாளி மயங்கிக் கிடக்கிறார் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் குறிப்பதோ உடம்பில் ஓரிடத்தை; தொடுதலும் குத்தலும் எதுவரை இயல்பாகத் தெரிகின்றன என்று காட்டும் இடத்தை.

சோழவந்தான் பக்கம் தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே மதமதப்பாக இருக்கிறது என்று ஒருவரைக் கொண்டுவருகிறார்கள் என வைத்துக்கொள்வோம். முதலில் அவர் கன்னத்தில் ஊசிமுனையால் மெல்லத் தொட்டு, இயல்பான குத்தல் எப்படியிருக்கும் என்று காட்டுகிறோம். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கால்விரல், தொடை, அடிவயிறு என்று மேலேறிவர, தொப்புளருகே வந்ததும் ‘இங்க சுள்ளுன்னு இருக்கு’ என்கிறார். தொப்புள் பத்தாம் மார்புத் தண்டுவட நரம்பின் தோற்பட்டையில், அதாவது அந்நரம்பு உணர்வூட்டும் தோல்பகுதியில், அமைந்தது. ஆகவே பழுது தண்டுவடத்தில் அதற்குக் கீழுள்ள துண்டங்களில் (ஒவ்வோர் இணை நரம்பும் கிளம்பும் பகுதிகளில்) தொடங்குகிறது என்று கொள்கிறோம். விழுந்த புதிதில் தண்டுவட அதிர்ச்சியால் கால்கள் துவண்டு, முழங்காலைத் தட்டினாலும் அசையாமல் இருக்கக்கூடுமாதலால், அந்நேரத்தில் உணர்வுள்ள இடத்தையும் அற்ற இடத்தையும் பிரிக்கும் இந்தக் கோடே நமக்குப் பெருந்துணை.

கோட்டைக் கோடாகவே சொல்லும் ‘உணர்வெல்லை’ என்பதை முன்மொழிகிறேன். நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘உணர்விழப்பு மட்டம்’ உணர்வற்ற முதல் துண்டத்தைச் சுட்டும். மருத்துவ வழக்கிலோ மென்தொடுகையும் ஊசிக்குத்தும் இயல்பாகத் தெரிகிற கடைசித் துண்டமே கணக்கு. ஊரெல்லை ஊரைச் சேர்ந்ததாக இருப்பதுபோல, உணர்வெல்லையும் உணர்வுள்ள பக்கத்தையே சேர்ந்தது. இரு பக்கமும் வேறுபடலாம் என்பதால் வல உணர்வெல்லை, இட உணர்வெல்லை என்று பிரித்தெழுதவும் இச்சொல் இடம் தருகிறது.

வரையறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும். பெரியவர்களில் தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுவதால், தண்டுவடத் துண்டத்தின் எண்ணும் அது இருக்குமிடத்து முள்ளெலும்பின் எண்ணும் ஒன்றாக இராது; உணர்வெல்லையை எலும்பு முறிவின் இடமாகப் படிக்கலாகாது. அடுத்து, முழங்கையில் அல்நார் நரம்பு நசுங்கிச் சுண்டுவிரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்துப்போகும்போது இச்சொல்லை ஆளக்கூடாது. அது தனி நரம்பின் பரப்பு. அதற்கு ‘உணர்விழப்புப் பகுதி’ என்பதே பொருந்தும்.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவ ஆசிரியர்