டிட்லிவிக்கிக்குள்ளேயே முழுத்திரை ஸ்லைடு: தேவையா, வேண்டாத வேலையா?

சமணமலை_சுத்தி:
மதுரையைச் சுற்றியுள்ள தமிழி (தமிழ்-பிராமி), வட்டெழுத்துக் கல்வெட்டுக் குறிப்புகளை டிட்லிவிக்கியில்தான் (ப்ரௌசரில் திறக்கும், ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலாக இருக்கும் குறிப்பேடு) வைத்திருக்கிறேன். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி என்று ஊருக்கு ஒரு டிட்லர் (அதில் ஒரு குறிப்புக்கு அந்தப் பெயர்). பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டால் அதையே பவர்பாயிண்டில் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது. பிறகு விக்கியில் ஒரு வாசிப்பைத் திருத்துவேன், ஸ்லைடில் பழையதே கிடக்கும். அதனால் விக்கிக்குள்ளேயே ஸ்லைடு மோட் கட்டிக்கொண்டிருக்கிறேன். 'பேச்சு' என்று டேக் போட்டால் அந்த டிட்லர் ஒரு ஸ்லைடு. வரிசை, 'பேச்சு' டேக்குக்கான டிட்லரின் லிஸ்ட் ஃபீல்டில் (பெட்டியில்) இருக்கும்; இழுத்துவிட்டால் மாறும். டிட்லிவிக்கி 5.1.23 பதிப்பில் வந்த, பக்க அமைப்பையே மாற்றும் லே-அவுட் வசதியால் பக்கப்பட்டையை மொத்தமாகத் தூக்கிவிடலாம். என்ன சொல்றீங்க?

கீழமாசிக்காரன்:
தம்பி, கோவிச்சுக்காதீங்க. லிப்ரெஆஃபீஸ் இம்ப்ரெஸ் இலவசம். பேசுறவருக்கு மட்டும் தெரியுற ப்ரெசெண்டர் கன்சோல் இருக்கு, அடுத்த ஸ்லைடு தெரியும், கடிகாரம் ஓடும். அதையெல்லாம் திரும்ப உட்கார்ந்து கட்டணுமா? கம்ப்யூட்டர் சென்டர் நடத்துற அனுபவத்துல சொல்றேன், கருவி செய்றதுல காட்டுற ஆர்வத்தைப் பேச்சுத் தயாரிப்புல யாரும் காட்டமாட்டாய்ங்க.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. குறிப்புங்கிறது படிக்க எழுதுறது, ஸ்லைடு பேச்சுக்குத் துணையா நிக்கிறது. உங்க மாங்குளம் டிட்லரை அப்படியே திரையில போட்டா பின்வரிசைப் பையனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

மேலூர்_டீச்சர்:
பையன் மட்டுமில்லை சார், முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற ஹெச்.எம்முக்கும் தெரியாது.

ஆனா இம்ப்ரெஸ்தான் விடைன்னு நான் ஒத்துக்கமாட்டேன். எங்க பள்ளியில் பழைய ஸ்லைடுகள் பாமினிங்கிற, யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் அடிச்சவை. வேற மெஷின்ல திறந்தா தமிழ் இருக்க வேண்டிய இடத்துல ஏதோ ஆங்கில எழுத்தும் குறியும் வரும். ஹெச்டிஎம்எல் ஃபைல்னா ப்ரௌசர் இருந்தாப் போதும், விண்டோஸ்ல தமிழ் எழுத்துரு லதாவோ நிர்மலாவோ ஒண்ணு எப்படியும் இருக்கு.

கீழமாசிக்காரன்:
டீச்சர், அது பாமினி செஞ்ச வினை. யூனிகோடுல அடிச்ச இம்ப்ரெஸ் ஃபைலும் அந்த லதாவுலயேதான் திறக்கும். பழியை இடம் மாத்திப் போடாதீங்க.

இன்னொண்ணு. ஒத்தை ஃபைல்னு எல்லாரும் பெருமை பேசுறாய்ங்க. கல்வெட்டுப் படங்களை உள்ளேயே வச்சா பேஸ்64 ஆக்கி (படத்தை எழுத்தா மாத்தி) மூணுல ஒரு பங்கு கூடிரும். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் முழு ஃபைலையும் எழுதணும். படத்தை வெளியே ஃபோல்டர்ல வச்சு முகவரி மட்டும் குடுத்தா, பென்டிரைவ்ல ஃபோல்டரையும் சேர்த்துக் கொண்டுபோகணும். அப்புறம் எங்க ஒத்தை ஃபைல்?

சமணமலை_சுத்தி:
படங்கள் வெளியேதான் அண்ணே. ஃபோல்டரோடு ஜிப் பண்ணிக் கொண்டுபோகிறேன், அதில் எனக்குக் கூச்சமில்லை.

'படிக்கிற எழுத்து வேறு, திரை எழுத்து வேறு' என்பதற்கு வருகிறேன், அதுதான் சரியான அடி. என் வழி இது: ஒவ்வொரு டிட்லரிலும் 'திரை' என்று தனி ஃபீல்டு. ஸ்லைடு டெம்ப்ளேட் அந்த ஃபீல்டைத்தான் காட்டும். அது காலியாக இருந்தால் தலைப்பும் படமும் மட்டும். முழு உரை ஒருபோதும் திரைக்கு வராது. மாங்குளத்துக்கு டிட்லரில் வாசிப்பு, நெடுஞ்செழியன் யார் என்ற விவாதம், மேற்கோள் எல்லாம் பத்தி பத்தியாக இருக்கிறது. திரையில் பாறைப் படமும் கீழே 'வெள்ளறை நிகமத்தோர்' என்ற இரண்டு சொல்லும்தான். வாசிப்பைத் திருத்தினால் பக்கத்திலேயே 'திரை' பெட்டியும் கண்ணில் படும், அதையும் சேர்த்தே திருத்திவிடுவேன்.

கீழமாசிக்காரன்:
அப்ப ரெண்டு இடத்துல திருத்துறதுங்கிறது போகலையே? ஒரே டிட்லர்ல ரெண்டு பெட்டி, அவ்வளவுதானே!

மேலூர்_டீச்சர்:
பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதும் வேற ஃபைல்ல இருக்கிறதும் ஒண்ணா சார்? பரணுல கிடக்கிற பாத்திரத்தை யார் துலக்குவா?

தம்பி, ரிமோட் வேலை செய்யுதா பாத்தீங்களா? பெரும்பாலான ப்ரெசெண்டர் ரிமோட்டுகள் அம்புக்குறிச் சாவியை அனுப்பாது, பேஜ் அப், பேஜ் டவுன்தான் அனுப்பும். அதைவிட மோசம், 'தொடங்கு' பொத்தான் பலதுல எஃப்5. பவர்பாயிண்ட்ல அது ஸ்லைடு ஷோ, ப்ரௌசர்ல ரீலோட்! நடுப்பேச்சுல கை பட்டா முதல் பக்கத்துல போய் நிக்கும்.

கீழமாசிக்காரன்:
இதத்தான் நானும் சொல்றேன். இம்ப்ரெஸ்ல இந்த எஃப்5 தொல்லை உண்டா?

சமணமலை_சுத்தி:
டீச்சர் சொன்னது அருமை. இப்போது நிற்கும் ஸ்லைடின் பெயரை '$:/temp/' என்று பெயர் தொடங்கும் டிட்லரில் வைத்திருக்கிறேன். ஃபைலோடு சேமிக்கப்படாது என்பதற்காகத்தான் அப்படி, ஆனால் ரீலோட் ஆனால் அதுவும் போய்விடும். எஃப்5-ஐ விக்கியின் ஷார்ட்கட்டாகவே பிடித்துவிட்டால் ப்ரௌசர் வரை போகாது. பேஜ் டவுனையும் வலது அம்பையும் ஒரே செயலுக்குக் கட்டுகிறேன், வரிசையில் அடுத்ததை எடுக்கும் ஆஃப்டர் ஃபில்டர் ஒன்று போதும்.

முழுத்திரை மட்டும் தானாக வராது. ஆள் ஒரு பொத்தானைத் தட்டாமல் ப்ரௌசர் அனுமதிக்காது, அதைச் சுற்றிப்போக வழியும் தேடவில்லை.

ப்ரெசெண்டர் கன்சோல் பற்றி அண்ணன் கேட்டதற்கு: ஸ்லைடைத் தனி விண்டோவில் திறக்கும் வசதி டிட்லிவிக்கியிலேயே இருக்கிறது. அந்த விண்டோ இதே விக்கியோடு இணைந்திருக்கும், இங்கே மாற்றினால் அங்கே மாறும். அதை புரொஜெக்டர் பக்கம் இழுத்துவிட்டு எஃப்11 தட்டினால் மடிக்கணினியில் முழுக் குறிப்பு, சுவரில் ஸ்லைடு.

கீழமாசிக்காரன்:
அது நல்லாருக்கு, ஒத்துக்கிறேன். குறிப்பு முழுசா கண்ணு முன்னாடி இருக்கிறது இம்ப்ரெஸ்லயும் கிடைக்கும், ஆனா அங்க லிங்கைத் தட்டி அடுத்த குறிப்புக்குப் போக முடியாது. பையன் எந்திரிச்சு 'கீழவளவுலயும் இதே பேரு இருக்கா'ன்னு கேட்டா உங்களுக்கு வசதி.

எழுத்தளவு? பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டர் பலது 1024க்கு 768 புள்ளிதான். உங்க லேப்டாப்ல அழகா நிக்கிற வரி அங்க உடையும். 'தொல்லியல்துறையினரால்' மாதிரி ஒரு சொல் வந்தா திரையை விட்டே ஓடிரும்.

சமணமலை_சுத்தி:
அளவெல்லாம் திரை அகலத்தின் சதவீதத்தில். அப்புறம் அந்தச் சொல்லை ஸ்லைடில் போடமாட்டேன் அண்ணே, வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

மேலூர்_டீச்சர்:
டெம்ப்ளேட்டை மட்டும் தனி ஃபைலா அனுப்பி வைங்க. என் விக்கியில பாடக்குறிப்பு இருக்கு, இழுத்துப் போட்டுப் பாக்குறேன். சுத்தி நகரும் அனிமேஷன் எதுவும் வேண்டாம், பிள்ளைங்க அதைத்தான் பாக்கும்.