ஆக்சிடோசின் வந்ததும் முதல் கால்சியம் எங்கிருந்து வருகிறது?

பைகாரா:
நேற்று கோத்தகிரிப் பக்கம் ஒரு பால் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “எருமை பாலை இறக்காமல் எக்கிக்கொண்டால் கால்சியம் டானிக் ஊற்றுங்கள். பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்சிடோசின் செல்லின் கதவைத் திறக்கும், ரத்தத்துக் கால்சியம் உள்ளே பாயும், பால் இறங்கும்.” எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆக்சிடோசின் வந்து ஒட்டுகிற ஏற்பி, அதாவது செல் சவ்விலுள்ள புரதம், கதவே இல்லை! ஹார்மோன் ஒன்பது அமினோ அமிலம் கோத்த பெப்டைடு, சவ்வைத் தாண்டாது. வெளியே ஏற்பியில் ஒட்டியதும் உட்பக்கம் ஜிக்யூ புரதம் விழிக்கும், அது பாஸ்போலிபேஸ் சி நொதியை முடுக்கும், நொதி சவ்விலுள்ள பிப்2 என்ற கொழுப்பை வெட்டும். அதில் ஒரு துண்டு ஐபி3. அது போய் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையின் ஏற்பியில் ஒட்டினால், வலைக்குள் சேர்த்து வைத்த கால்சியம் கொட்டும், மடியில் பால் பைகளைச் சுற்றியுள்ள செல்கள் சுருங்கும். முதல் கால்சியம் உள்ளிருந்து. ரத்தத்திலிருந்து இல்லை.

கொடநாடு:
அப்படியானால் உள்ளே இருப்பது வானத்திலிருந்து குதித்ததா? செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம், உள்ளே நீர்மத்தில் இருப்பதைப் போல 10,000 மடங்கு. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். என் அப்பா முப்பது வருடம் எருமை வைத்திருந்தவர். கன்று ஈன்ற எருமை படுத்துவிட்டால் டாக்டர் கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றுவார், கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும். கண்ணால் பார்த்தவன் நான்.

பைகாரா:
அது பால் காய்ச்சல். ரத்தத்தில் கால்சியம் குறைந்து வருவது. நான் கேட்டது பால் இறங்கும்போது முதல் கால்சியம் எங்கிருந்து என்று. 1983இல் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷுல்ஸ் நாலு பேரும் கணையச் செல்லின் சவ்வைத் துளைத்து ஐபி3 விட்டுப் பார்த்தார்கள். உள் சேமிப்பிலிருந்து கால்சியம் வந்தது, மைட்டோகாண்டிரியாவிலிருந்துகூட இல்லை. ஆஞ்சியோடென்சின் ஹார்மோனின் ஏடி1 ஏற்பி, வாசோபிரசின் ஹார்மோனின் வி1ஏ ஏற்பி எல்லாம் இதே வழிதான்.

குன்னூர் வாத்தியார்:
ஹார்மோன் ஒட்டுவதும் ஏற்பி, ஐபி3 ஒட்டுவதும் ஏற்பி என்றால் படிக்கிற பிள்ளை குழம்பாதா? இரண்டாவது ஏற்பி, வலைக்குள் இருக்கும் கால்சியத்தைச் செல்லின் நீர்மத்துக்குள் விடுகிற கால்வாய். அப்படியே எழுதுங்கள்.

பைகாரா:
வாத்தியாரே, அதைப் பிறகு பார்ப்போம். முதல் கால்சியம் உள்ளிருந்து.

லவ்டேல்:
அண்ணா, ஒன்று விட்டுவிட்டீர்கள். வெளிக் கால்சியத்தை எடுத்துவிட்டால் முதல் எழுச்சி வரும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். வலை காலியாவதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, செல் சவ்வில் ஓராய்1 என்ற புரத வழியைத் திறக்கும், வெளியிலிருந்து கால்சியம் வரும்.

கொடநாடு:
வெளியிலிருந்து! உங்கள் பக்கத்து ஆளே சொல்லிவிட்டார்.

லவ்டேல்:
நான் யார் பக்கமும் இல்லை.

பைகாரா:
அது இரண்டாவது கால்சியம்! வலை காலியான பிறகு வருவது எப்படி முதலாகும்? சீகை (வாட்டில்) மரம் சோலைக்காட்டைத் தின்கிறது என்று முன்பு நான் எழுதியபோதும் இப்படித்தான், “என் அப்பா நட்டது” என்று ஒரே பிடியாக நின்றீர்கள். நான் மறக்கவில்லை.

கொடநாடு:
அப்பாவை இழுக்காதீர்கள். புத்தகம் புரட்டிய கைக்குக் காம்பு பிடிக்கத் தெரியுமா?

பைகாரா:
தினமும் விடியற்காலை நாலு எருமை கறக்கிற கை இது. உறைபனி விழுந்த அன்று ஜில்லென்ற கையோடு தொட்டால் மிரண்டு எக்கிக்கொள்ளும். மிரண்டால் மூளையிலிருந்து ஆக்சிடோசின் வெளிவருவதே தடைபடும். கையை வெந்நீரில் நனைத்து, கன்றை இரண்டு நிமிடம் ஊட்ட விட்டுப் பாருங்கள். தொளதொளவென்று இருந்த காம்பு விரலுக்குள்ளேயே விம்மும், முதல் பீச்சு வாளியில் சர்ரென்று விழும். அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் டானிக் எங்கே வந்தது? பாவம், அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் காசு கொடுத்து பாட்டில் வாங்கிப் போனார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான்.

கொடநாடு:
வாங்கியதில் நானும் ஒருவன். ஊற்றிய எருமை இன்று கூடுதலாகவே கறந்தது. கொட்டகைக்கு வந்து பாருங்கள்.

பைகாரா:
வருகிறேன். எத்தனை லிட்டர் கறந்தாலும் முதல் கால்சியம் உள்ளிருந்துதான்.

குன்னூர் வாத்தியார்:
கால்வாய் என்று இன்னும் யாரும் எழுதவில்லை.