என்பிஎம் நிறுவலில் இன்டெக்ரிட்டி பிழை: பேக்கேஜ்-லாக் கோப்பை அழிக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நோட் ஜேஎஸ்ஸில் எழுதப்பட்ட எங்கள் திட்டத்தை அலுவலகக் கணினியில் நிறுவுவதற்காக, பேக்கேஜ்களை (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை) இறக்கித் தரும் என்பிஎம் கருவியின் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையை இயக்கும்போது, ஒரு பேக்கேஜில் மட்டும் ‘ஈஇன்டெக்ரிட்டி’ என்ற பிழையுடன் நிறுவல் நின்றுவிடுகிறது. எதிர்பார்த்த எஸ்ஹெச்ஏ-512 ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) ஒன்று, கிடைத்தது வேறு என்று செய்தி வருகிறது. அதே நிரல் வீட்டு இணைப்பில் தடையின்றி நிறுவப்படுகிறது. நோட் மாட்யூல்ஸ் அடைவை நீக்கிப் பார்த்தும் பயனில்லை. ஒவ்வொரு பேக்கேஜின் பதிப்பும் ஹாஷும் பதிந்திருக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுமாறு குழுவில் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி 1

தயவுசெய்து அழிக்க வேண்டாம். உங்கள் குழு முன்பு சோதித்த அதே பைட்டுகள்தான் இன்றும் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே அந்த ஹாஷ் பதியப்பட்டிருக்கிறது. கோப்பை அழித்தால் பிழைச் செய்தி மறைந்துவிடக்கூடும். ஆனால் வந்த கோப்பு ஏன் மாறியிருந்தது என்பது தெரியாமலே போவதோடு, நீங்கள் கேட்காத பல பேக்கேஜ்களும் புதிய பதிப்புகளுக்கு ஏறிவிடும். 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் பேக்கேஜை நிர்வகித்தவரின் கணக்கைக் கைப்பற்றி, தீநிரல் கலந்த பதிப்புகளை வெளியிட்டார்கள். பழைய பதிப்பு லாக் கோப்பில் பதிந்திருக்க, அதன்படியே நிறுவும் ‘சிஐ’ வழியாக நிறுவிய திட்டங்களுக்குள் அவை நுழையவில்லை.

பிழைச் செய்தியின் கடைசியில் எத்தனை பைட்டுகள் வந்தன என்ற எண் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. அது சுழியம் என்றால் பதிவிறக்கத்தில் எதுவுமே வந்து சேரவில்லை. பேக்கேஜின் உண்மையான அளவைவிட மிகச் சிறியது என்றால், பாதியில் அறுந்திருக்கலாம், அல்லது பேக்கேஜுக்குப் பதிலாக வேறு ஏதோ வந்திருக்கலாம். கேச்சை (முன்பு இறக்கியவற்றைக் கணினியில் வைத்திருக்கும் சேமிப்பை) கட்டாயமாகத் துடைப்பதே முதல் தீர்வு என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 2017இல் வந்த 5ஆம் பதிப்பு முதல், கேச்சிலிருந்து எடுக்கும்போதும் என்பிஎம் ஹாஷைச் சரிபார்க்கிறது. ஆகவே ‘கேச் வெரிஃபை’ கட்டளையை ஒருமுறை இயக்கினால் போதும்.

மறுமொழி 2

அடுத்து, எந்தப் பக்கம் மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘என்பிஎம் வியூ’ கட்டளையில் பேக்கேஜின் பெயரையும் பதிப்பையும் கொடுத்து, ‘டிஸ்ட்’ பகுதியிலுள்ள ‘இன்டெக்ரிட்டி’ மதிப்பைக் கேளுங்கள். ஒருமுறை வெளியிட்ட பெயரையும் பதிப்பெண்ணையும் வேறு உள்ளடக்கத்துக்கு மீண்டும் பயன்படுத்த பேக்கேஜ்கள் வெளியிடப்படும் என்பிஎம் பொதுப் பதிவகம் அனுமதிப்பதில்லை என்பதால், அந்த மதிப்பை நம்பி ஒப்பிடலாம். லாக் கோப்பிலும் அதே மதிப்பு இருந்தால், பழுது பேக்கேஜ் வந்து சேரும் வழியில்தான் இருக்கிறது. வேறுபட்டால், நிரலின் கிளைகளை (தனித்தனியாக எழுதிய வடிவங்களை) இணைத்தபோது லாக் கோப்பைக் கையால் திருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் முதன்மைக் கிளையின் கோப்பை எடுத்துக்கொண்டு ‘என்பிஎம் இன்ஸ்டால்’ இயக்கினால் சரியாகிவிடும்.

நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் டார் கோப்பின் (பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிய தொகுப்பின்) முகவரியை நேரடியாகக் கொடுத்திருந்தால் மட்டும் இந்த உறுதி கிடையாது. 2023 ஜனவரியில் அவர்கள் சுருக்கும் முறையை மாற்றியபோது, உள்ளிருந்த நிரல் மாறாமலே ஹாஷ்கள் மாறி, பல திட்டங்களின் நிரல் உருவாக்கம் தோல்வியடைந்தது. பிறகு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பதிவகத்தின் ஹாஷும் லாக் கோப்பின் ஹாஷும் ஒன்றாகவே இருக்கின்றன. வந்த பைட்டுகள்தான் மிகக் குறைவு. லாக் கோப்பில் பேக்கேஜை இறக்கும் இடமாகக் குறித்துள்ள ‘ரிசால்வ்டு’ முகவரியை அலுவலக இணைப்பில் கர்ல் என்ற பதிவிறக்கக் கருவி மூலம் இறக்கிப் பார்த்தபோது, டார் கோப்புக்குப் பதிலாக, அனுமதி கோரும் ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் வந்தது. அலுவலகத்தின் இணையப் போக்குவரத்தை இடையிலிருந்து கையாளும் ப்ராக்ஸிதான் அதை அனுப்புகிறது என்று தெரிகிறது.

மறுமொழி 3

அப்படியானால் பதிவகத்தின் முகவரிக்கு விதிவிலக்கு தருமாறு வலையமைப்புக் குழுவிடம் கேளுங்கள். கர்லில் கிடைத்த அந்தப் பக்கத்தையும் சான்றாக இணையுங்கள். விதிவிலக்கு கிடைக்காவிட்டால், வெர்டாச்சியோ போன்ற ஒரு பதிவகத்தை உள்ளேயே நிறுவி, அதற்கு மட்டும் வெளியே செல்லும் அனுமதி வாங்கலாம். இடையில் சான்றிதழ்ப் பிழை வந்தால் சான்றிதழைச் சரிபார்க்கும் ‘ஸ்ட்ரிக்ட்-எஸ்எஸ்எல்’ அமைப்பை அணைத்துவிடுமாறு யாராவது சொல்லக்கூடும், அதைக் கேட்காதீர்கள். அலுவலகச் சான்றிதழை ‘சிஏஃபைல்’ அமைப்பில் குறிப்பிட்டாலே போதும்.