பூங்காவுக்கு நாயோடு: பலகை சொல்வதும் சொல்லாததும்

"நாய் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்" என்று மட்டும் பலகையில் இருந்தால், அங்கேயே வாரைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. கேட்டால், "கூப்பிட்டா வந்துடும்" என்பார்கள். வரும்தான், ஓர் அணில் குறுக்கே ஓடாதவரை. நீளம் குறிப்பிடாத இடங்களில் 2 மீட்டருக்கு மேற்படாத வார் போதும். நீளத்தைச் சொல்லும் விதிகள் பலவும் அதை ஒட்டியே இருக்கின்றன. வாரின் கண்ணியைக் கட்டைவிரலில் மாட்டி, மிச்சத்தை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றினால், நாய் பாயும்போது விடவும் முடியாது, நிற்கவும் முடியாது.

—

தானே சுருண்டுகொள்ளும் வாரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 5 முதல் 8 மீட்டர் வரை நீளும். நாய் வேகம் பிடித்த பிறகுதான் நாம் பூட்டை அழுத்துகிறோம். அதற்குள் சைக்கிள் பாதையின் குறுக்கே கயிறு கிடக்கும். மெல்லிய கயிறு என்பதால் தூரத்திலிருந்து சைக்கிள் ஓட்டி வருபவர் கண்ணுக்கே தெரியாது. கையால் எட்டிப் பிடித்தால் விரலை அறுத்துவிடும். கைப்பிடி நழுவினாலோ, அந்தப் பிளாஸ்டிக் பெட்டி தடதடவென்று பின்னாலேயே வர, அதற்குப் பயந்தே நாய் இன்னும் ஓடும். வெட்டவெளிக்குச் சரி, நடைபாதைக்கு ஆகாது.

எதிரே ஓட்டப்பயிற்சி செய்பவர் வந்தால் நாயை ஓரத்துக்கு மாற்றி, இருவருக்கும் நடுவில் நீங்கள் நடங்கள். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. மிரண்டு பின்வாங்கும் நாயை முன்னோக்கி இழுக்காதீர்கள், பட்டை காது வழியாக உருவிக்கொள்ளும். நீங்கள்தான் அதை நோக்கிப் போக வேண்டும்.

—

அவிழ்த்துவிட அனுமதியுள்ள வேலியிட்ட திடல்களில் தகராறு பெரும்பாலும் வாசலில்தான். இரட்டைக் கதவு இருந்தால், முதல் கதவைச் சாத்திவிட்டு அந்த இடைவெளியிலேயே வாரைக் கழற்றுங்கள். உள்ளே எல்லா நாயும் அவிழ்ந்திருக்க, ஒன்று மட்டும் வாரோடு நுழைந்தால் அதற்கு விலகி ஓட வழியில்லை. பயத்தில் முதலில் பல்லைக் காட்டுவது அதுவாகத்தான் இருக்கும். வாசலில் கூட்டமாக நாய்கள் நின்றால் அவை கலையும்வரை வெளியே காத்திருங்கள். பருவத்திலிருக்கும் பெண் நாய், தடுப்பூசி முடியாத குட்டி இரண்டையும் கூட்டிப்போகவே வேண்டாம்.

கூப்பிட்டால் வருமா என்பதை வேலி இல்லாத இடத்தில் சோதிக்க 10 மீட்டர் நீள வார் வேண்டும். அதை ஹார்னஸின், அதாவது மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையின், முதுகு வளையத்தில் மாட்டுங்கள், கழுத்தில் மாட்டினால் ஓட்டத்தின் முடிவில் வார் வெட்டி இழுக்கும் விசை முழுவதும் தொண்டைக்குப் போகும்.

—

மலத்தை அள்ளும் விதி பற்றி ஒன்று. "மழையில் கரைந்துவிடும்" என்பது தப்பு. நாயின் குடலில் வாழும் டாக்ஸோகாரா புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளிவந்தவுடன் தொற்றாது. மண்ணில் சில வாரங்கள் கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும், பிறகு வருடக்கணக்கில் தாங்கும். உடனே அள்ளச் சொல்வதும், குழந்தைகளின் மணல்திடலில் நாயே வரக்கூடாது என்பதும் இதனால்தான். இளகலாக இருந்தால் மேலே காய்ந்த மண்ணைத் தூவி, மண்ணோடு சேர்த்து அள்ளுங்கள். முடிச்சுப் போட்ட பையை மரக்கிளையில் தொங்கவிடுபவர்கள் அள்ளாமலே போயிருக்கலாம்!

—

வாய்க்கூடு கட்டாயமான இடங்களுக்குக் கூடை வடிவமே வாங்குங்கள். அதற்குள் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கும் துணி உறையோடு ஓடவிட்டால் உடல்சூடு வெளியேற வழியில்லாமல் சுருண்டு விழும்.

—

வாரில்லாத நாய் ஒன்று "ஒண்ணும் செய்யாது" என்ற குரல் பின்தொடர ஓடிவரும்போது, உங்கள் வாரை விறைப்பாக இழுக்காதீர்கள்; அந்த இறுக்கமே உங்கள் நாயை உசுப்பிவிடும். நீங்கள் நடுவில் வந்து, வளைவாக விலகி நடங்கள். கையில் தின்பண்டம் இருந்தால் ஒரு பிடி அள்ளி வரும் நாயின் முன்னால் தரையில் வீசுங்கள், உரிமையாளர் வந்து பிடிக்க அந்த நேரம் போதும். சின்ன நாயைத் தலைக்கு மேல் தூக்கினால் மற்றது உங்கள் மீது தாவும்.

பல் பட்டுவிட்டால் வாக்குவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். கிளம்பும் முன் அந்த நாயின் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லையென்றால் உரிமையாளரின் தொடர்பு எண்ணையாவது வாங்கிவிடுங்கள்.